தொட்டாச்சு! ஒரு விளையாட்டு விதியின் கதை

 இந்த எபிசோடுல ஒரே ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுப் போகப் போறோம். அந்த வார்த்தை, "தொட்டாச்சு."

டச் ரக்பின்னு ஒரு ஆட்டம் இருக்கு. பூங்கா, கடற்கரை, கல்லூரி மைதானம்னு எங்கே வேணும்னாலும் ஆடலாம். ஒரு பந்து போதும். இதைப் பத்திப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "ரக்பின்னா ஆளை மடக்கி விழவைக்கிற ஆட்டமாச்சே. தொட்டாலே போதும்னா அதுல என்னங்க இருக்கு?" நியாயமான கேள்விதான். ஆனா இந்த விதி எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனா, கதை ஒரு நெசவு ஊருக்குள்ள போய் நிக்குது.

எனக்கும் நெசவு ஊர்தான். திருமலை. உடனே திருப்பதின்னு நினைக்காதீங்க, திருகோணமலையும் இல்லை. ஆரணி, போளூர் பக்கம் இருக்கிற சமணர் மலை. குந்தவை பேர்ல ஒரு ஜினாலயம், பதினாறு அடி உயர நேமிநாதர், கங்கை வரைக்கும் போன ராஜேந்திர சோழனோட வெற்றிகளைச் சொல்ற கல்வெட்டு, எல்லாம் அங்கே இருக்கு. சுத்துவட்டாரத்துல பட்டுத் தறிதான் பிழைப்பு. தெருவுல பாவு நீட்டியிருந்தா பசங்க அந்தப் பக்கமே ஓடக்கூடாது. பாவைச் சுருட்டி எடுத்த பிறகுதான் சடுகுடு. அப்பவும் பெரியவங்க சொல்ற ஒரே புத்திமதி, "கையை ஒடச்சுக்காத." கை ஒடிஞ்சா தறி நிக்கும். தறி நின்னா கூலி இல்லை. இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

கம்பளி ஊரில் பிறந்த பிளவு

ரக்பியின் முதல் எழுத்து விதிகள் 1845-இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் மாணவர்கள் கையால் எழுதப்பட்டவை. அந்தக் காலத்து ஆட்டத்தில் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதுகூட ஆட்டத்தின் ஒரு பகுதி. 1871-இல் லண்டனில் ரக்பி யூனியன் உருவானபோதுதான் அந்த உதையை விதியிலிருந்து எடுத்தார்கள். ஆக, ஆட்டத்தைக் கொஞ்சம் மென்மையாக்கும் வேலை அன்றைக்கே ஆரம்பிச்சாச்சு.

நம்ம நாட்டுக்கும் அது சீக்கிரமே வந்துடுச்சு. 1872 கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கல்கத்தாவில் ஒரு ஆட்டம் நடந்தது. ஆடினவங்க அங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரங்க. அதையொட்டி உருவான கிளப் சில ஆண்டுகளிலேயே ஆள் இல்லாமல் தேய்ந்தது. மூடும்போது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடி மேலே யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து மோதுகிற கல்கத்தா கோப்பை அதுதான். கோப்பை ஊர் பேரோட போயிடுச்சு, ஊர்க்காரங்களுக்கு அந்த ஆட்டத்துல இடம் இருந்ததான்னு கேட்டா பதில் வேற. அந்தக் கேள்விக்குப் பிறகு வர்றேன்.

இப்போ இங்கிலாந்தின் வடக்குப் பகுதி. அங்கே ரக்பி ஆடியவர்களில் நிறையப் பேர் நெசவு ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனா அன்னைக்கான கூலி போச்சு. அந்தக் கூலியை மட்டுமாவது ஈடுகட்டுங்கள் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. காசுக்காக ஆடுவது கௌரவம் இல்லை என்று ரக்பி யூனியன் மறுத்தது. தெற்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கௌரவம் சுலபம். ஆலைத் தொழிலாளிக்கு அடுப்பு எரியணும்.

1895 ஆகஸ்ட் 29. ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, தனிச் சங்கம் அமைப்பதாக முடிவு செய்தன. ஹட்டர்ஸ்ஃபீல்டு எதுக்குப் பேர் போன ஊர் தெரியுமா? கம்பளித் துணி. நம்ம ஆரணிக்குப் பட்டு மாதிரி. நெசவு நின்னா கூலி இல்லைங்கிற அதே கணக்குதான் ரக்பியை ரெண்டாப் பிளந்தது. அந்தப் பிளவில் பிறந்ததுதான் ரக்பி லீக்.

ஆறு எங்கிருந்து வந்தது?

ரக்பி லீக்கில் ஆளை மடக்கினால் குவியலாக மேலே விழ மாட்டார்கள். மடக்கப்பட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். பார்க்க நல்லா இருக்கும். ஆனா ஒரு சிக்கல். எத்தனை முறை மடக்கினாலும் பந்து அதே அணியிடமே இருக்கும். ஒரு அணி பந்தை விடாமல் வச்சுக்கிட்டே முழு நேரத்தையும் ஓட்டலாம். அதனால் 1966-67 வாக்கில் வரம்பு வந்தது: நான்கு முறைதான் மடக்கலாம். நான்கு போதவில்லை, ஆட்டம் அவசரமாகிவிட்டது என்று 1970-களின் தொடக்கத்தில் ஆறு ஆக்கினார்கள்.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ரக்பி லீக் ஆட்டக்காரர்கள் பயிற்சியின்போது உடம்பில் அடிபடாமல் இருக்கத் தொட்டு ஆடுவது வழக்கம். மடக்குவதற்குப் பதில் தொடுவது, அவ்வளவுதான். 1968-இல் சவுத் சிட்னியில் பாப் டைக், ரே வாடன் என்ற இருவர் அதைத் தனி விளையாட்டாக ஒழுங்குபடுத்தினார்கள். 1985-இல் சர்வதேசக் கூட்டமைப்பு, 1988-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் முதல் உலகக் கோப்பை.

இப்போ விதிகளைச் சுருக்கமா சொல்றேன். மைதானம் 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். ஒரு பக்கம் ஆறு பேர். பந்தைப் பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்கணும், முன்னால கொடுத்தா தப்பு. பந்து வச்சிருக்கிறவரை எதிரணி தொட்டா, அவர் தொட்ட இடத்துலயே நின்னு, பந்தைத் தரையில வச்சுத் தாண்டணும். பின்னால ஒருத்தர் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். அதுக்குள்ள எதிரணி ஏழு மீட்டர் பின்வாங்கிடணும். ஆறாவது தொடலில் பந்து எதிரணிக்கு. பந்து கீழே விழுந்தாலும் அப்படியே. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஒரு புள்ளி.

தரையில் பந்தை வைக்கும் பழக்கம், ஆறு என்ற எண், ரெண்டுமே ரக்பி லீக்கின் சொத்து. அதாவது, கூலி கேட்டுப் பிரிந்து வந்த ஆலைத் தொழிலாளிகள் வளர்த்த ஆட்டத்தின் சொத்து. கை, கால் உடையாமல், திங்கட்கிழமை வேலைக்குப் போகக்கூடிய ஒரு ரக்பி கடைசியில் அந்தக் கிளையிலிருந்துதான் வந்தது.

யார் சொல்வது கணக்கு?

தொடுதலில் ஒரு வில்லங்கம் இருக்கு. ஆளை மடக்கினா ஊருக்கே தெரியும். விரல் நுனி சட்டையில் பட்டதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? இங்கே டச் விதிப்புத்தகம் சொல்றது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டை, முடி, பந்து எதைத் தொட்டாலும் தொடல்தான். ஒரு ஆட்டக்காரர் "தொட்டேன்" என்று சொல்லி, நடுவருக்குச் சந்தேகம் இருந்தால், அந்தத் தொடல் செல்லும். பொய் சொன்னதாகத் தெரிந்தால் தண்டம். நடுவர் இருக்கும்போதே விதி ஆட்டக்காரரின் வாக்கை நம்புகிறது. நண்பர்கள் கூடி ஆடும்போது நடுவரே கிடையாது, வாக்கு மட்டும்தான்.

நம்ம சடுகுடு இதை வேற மாதிரி சமாளிச்சது. பாடிப் போறவன் மூச்சை எல்லாருக்கும் கேட்கும்படி வெளியே விட்டான். மூச்சு விட்டுப் போச்சான்னு காது சொல்லும். ஆனா "தொட்டேன்", "தொடவே இல்லை, காத்துதான் பட்டுச்சு" என்ற சண்டை எங்க தெருவிலயும் தீர்ந்ததில்லை.

இன்னொரு வேறுபாடு முக்கியம். சடுகுடுவில் தொட்டால் நீ வெளியே. மறுபடி உள்ளே வருவதற்குத்தான் மூன்று வகை வழக்கங்கள் இருந்தன. சஞ்சீவினி முறையில் எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் நம்மவர் ஒருவர் திரும்பி வரலாம். காமினி முறையில் மொத்த அணியும் அவுட் ஆகும்வரை வெளியே உட்காரணும். அமர் முறையில் யாருமே வெளியேறுவதில்லை, புள்ளி மட்டும் ஏறும். 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு வந்து விதிகள் ஒன்றானபோது நிலைத்தது சஞ்சீவினி. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானது. இன்றைக்கு டிவியில் நாம் பார்க்கும் கபடி அதன் வாரிசு. டச் ரக்பி, அமர் முறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. தொடப்பட்டவர் வெளியே போவதில்லை. அணியின் ஆறில் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஓட்டம் குறைவானவருக்கும் கடைசி நிமிடம் வரை ஆட்டம் உண்டு. கலப்பு அணிகளுக்கான சர்வதேச விதியில், களத்தில் ஆறு பேரில் ஆண்கள் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. பெண்கள் பேருக்கு ஒருத்தரா நிக்க வேண்டியதில்லை. ஒப்புக்குச் சொல்றேன், கபடியில் ஆண்களுக்கு ஆசியப் பதக்கம் 1990-இலேயே கிடைத்தது. பெண்கள் 2010 குவாங்சோ வரை காத்திருந்தார்கள்.

எழுதாத விதி

இப்போ அந்தப் பழைய கேள்வி. தொடுதல்தான் விதி என்ற ஒரு ஆட்டத்தை, தொடக்கூடாது என்று மனிதர்களைப் பிரித்து வைத்த ஊரில் ஆடினோம். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கபடிக்கு அகில இந்திய விதி வந்ததும், அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஒரே ஆண்டு, 1950. கோட்டுக்குள்ளே வந்துட்டா தொட்டுத்தான் ஆகணும். கோட்டுக்குள்ளே யாரை விடுறதுங்கிறது எந்தப் புத்தகத்திலும் எழுதாத விதி.

மணத்தி கணேசனை உங்களில் பலருக்கு 'பைசன்' படம் வழியாகத் தெரிந்திருக்கும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த அந்தப் படம் திரும்பத் திரும்பப் பேசுவது, திறமை இருந்தும் ஒருவன் களத்துக்குள் நுழைய எத்தனை கோடுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைத்தான். ஹட்டர்ஸ்ஃபீல்டில் அந்தக் கோடு கூலி. கல்கத்தாவில் அது நிறம். நம்ம ஊர்ல சாதி. பெண்களுக்கு எல்லா ஊரிலும் இன்னொரு கோடு.

அதனால, இந்த வாரம் நீங்க நாலு பேரைச் சேர்த்து டச் ரக்பி ஆடப் போறீங்கன்னா, ஆறு தொடல், ஏழு மீட்டர் எல்லாம் அஞ்சு நிமிஷத்துல பழகிடும். மீட்டரை அளக்க வேண்டியதில்லை, ஏழு எட்டு எட்டி வச்சா சரி. அதுக்கு முந்தி, யாரையெல்லாம் கூப்பிட்டீங்கன்னு ஒரு தடவை சுத்திப் பாருங்க. எப்பவும் ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கிற ஒருத்தர் இருப்பார். பந்தை முதல்ல அவர் கையில கொடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.