சாகச ஆட்டங்களின் வரலாற்றில் இரசிகர் பெறும் இடம்

கலைவடிவம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனை ஆக்கியோரையும் விற்ற நிறுவனங்களையும் முதன்மைப்படுத்துவதே பெருவழக்கு. அதனைச் சுவைத்தோர் அவ்வரலாற்றில் வெறும் எண்ணிக்கையாகவே இடம்பெறுவர். கணனித் திரையிற் காணும் பொருள்களைச் சுட்டியினாற் சுட்டி, அவற்றை எடுத்தும் பொருத்தியும் புதிர்களை விடுவித்துக் கதையை முன்னெடுத்துச் செல்லும் 'பொயின்ட் அன்ட் கிளிக்' சாகச ஆட்டங்களைப் பொறுத்தவரை இம்முறை போதாது. 2000 ஆம் ஆண்டையொட்டி இவ்வகை ஆட்டங்களின் காலம் முடிந்துவிட்டதென அவற்றை வளர்த்த பெருநிறுவனங்களே தீர்மானித்தன. அத்தீர்மானத்தை ஏற்க மறுத்தவர்கள் அவற்றை ஆடியவர்கள். ஓர் ஆக்கம் யாருக்கு உரியது, விற்பனை நின்றபின் அதனைப் பேண வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் இவ்வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கின்றன.

இதன் தோற்றுவாய் படமில்லாத ஓர் ஆட்டமாகும். மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள 'போல்ட், பெரானெக் அன்ட் நியூமன்' நிறுவனத்திற் பணியாற்றிய வில் குரௌதர் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு மிக்கவர். மணமுறிவின் பின்னர் தம் இரு பெண்மக்களும் விளையாடவென, கென்டக்கியிலுள்ள மமத் குகையின் ஒரு பகுதியை அடியொற்றி 1970களின் நடுப்பகுதியில் அவர் 'அட்வென்சர்' என்னும் ஆட்டத்தை எழுதினார். குகையின் வழிகள் சொற்களால் வருணிக்கப்படும். ஆடுபவர் ஓரிரு சொற்களைத் தட்டச்சுச் செய்து நடப்பார், எடுப்பார், திறப்பார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இதனைக் கண்டெடுத்த டொன் வூட்ஸ் என்பவர் குரௌதரின் இசைவுடன் 1977 இல் அதனை விரித்தெழுதினார். ஆடியவரே ஆக்கியவராக மாறிய முதல் நிகழ்ச்சி இதுவெனக் கொள்ளலாம். குரௌதரின் மூல நிரல் அழிந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது; 2005 இல் ஸ்டான்போர்டிலிருந்த வூட்ஸின் பழைய கோப்புகளின் சேமிப்புப் பிரதியிலிருந்து அது மீட்கப்பட்டது. மூலத்தைக் காப்பாற்றியது ஆக்கியோனின் பெட்டகமன்று, இரசிகரின் பெட்டகமே என்பது கவனத்திற்குரியது.

கலிபோர்ணியாவில் இவ்வாட்டத்தை ஆடி மயங்கியவருள் றொபேட்டா வில்லியம்ஸ் ஒருவர். சொற்களோடு படங்களும் இருந்தாலென்ன என எண்ணிய அவர், கணவர் கென் வில்லியம்ஸ் நிரலெழுத, 1980 இல் அப்பிள் கணனிக்கென 'மிஸ்டரி ஹவுஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். எளிய கோட்டோவியங்கள் கொண்ட இவ்வாட்டம் பிளாஸ்ரிக் பைகளில் இடப்பட்டு விற்பனையாயிற்று. இத்தம்பதியரின் நிறுவனமே பிற்காலத்தில் 'சியெரா' எனப் புகழ்பெற்றது. ஐ.பீ.எம். நிறுவனத்தின் பொருளுதவியுடன் 1984 இல் வெளிவந்த அதன் 'கிங்ஸ் குவெஸ்ட்' ஆட்டத்தில் நாயகன் மரங்களின் முன்னும் பின்னும் நடமாடினான். எனினும் கட்டளைகள் தட்டச்சு மூலமே இடப்பட்டன. கணனி அறிந்த சொல் எதுவென ஊகிப்பதே பல வேளைகளிற் புதிரினும் பெரும் புதிராயிற்று.

மக்கின்டொஷ் கணனியோடு சுட்டி பரவியபோது நிலைமை மாறத் தொடங்கியது. 1985 இல் வெளிவந்த 'டேஜா வூ' சுட்டியினால் ஆடப்பட்ட தொடக்ககால ஆட்டங்களுள் ஒன்றாகும். ஆயினும் இவ்வடிவத்திற்கு நிலையான இலக்கணம் வகுத்தது லூக்காஸ்பிலிம் நிறுவனத்தில் றொன் கில்பேட்டும் கரி வினிக்கும் ஆக்கி 1987 இல் வெளியிட்ட 'மேனியக் மன்ஷன்' எனலாம். 'எடு', 'திற', 'தள்ளு' போன்ற வினைச்சொற்கள் திரையின் அடியில் வரிசையாக நின்றன. வினையைச் சுட்டிப் பொருளைச் சுட்டினால் வாக்கியம் தானே அமைந்தது. இதற்கென உருவாக்கப்பட்ட 'ஸ்கம்' என்னும் எழுத்துமுறை, ஆட்டத்தின் கதையையும் புதிரையும் தனிக் கோப்புகளாகவும், அவற்றைப் படித்து இயக்கும் பொறியை வேறாகவும் பிரித்து வைத்தது. ஒரே ஆட்டத்தைப் பலவகைக் கணனிகளுக்கு எளிதாக மாற்றிக்கொள்ளுதல் இதனாற் கிட்டிய வணிகப் பயன். இச்சிக்கன ஏற்பாடே பின்னாளில் இவ்வாட்டங்களைச் சாவிலிருந்து காக்குமென அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1989 இல் கில்பேட் எழுதிய ஒரு கட்டுரை சாகச ஆட்டங்களின் குறைகளை வெளிப்படையாகச் சாடியது. இறந்து இறந்து பாடம் கற்குமாறு ஆடுபவரை வைத்தல் தவறு. முன்னர் விட்டுவந்த ஒரு பொருளுக்காகப் பின்னர் மீளமுடியாதபடி சிக்கவைத்தல் அதனினும் தவறு என்பது அதன் சாரம். அவருடைய 'மேனியக் மன்ஷ'னே இக்குறைகளுக்கு முற்றும் விலக்கானதன்று என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அவர் டிம் ஷேபர், டேவ் குரொஸ்மன் ஆகியோருடன் ஆக்கிய 'த சீக்ரெட் ஒவ் மங்கி ஐலன்ட்' 1990 இல் இக்கொள்கையின் செயல்விளக்கமாக வெளிவந்தது. அதில் நாயகன் இறப்பது அரிது. பத்து நிமிடம் மூச்சடக்க வல்லவனென அவன் பெருமை பேசுகிறான். பத்து நிமிடத்திற்கு மேல் அவனை நீரினடியில் விட்டுவைத்தால் மட்டும் உண்மையிலேயே இறந்துபோகிறான்.

அதே ஆண்டில் வெளிவந்த சியெராவின் 'கிங்ஸ் குவெஸ்ட் 5' இதற்கு நேர்மாறானது. தட்டச்சைக் கைவிட்டுச் சுட்டியை ஏற்றுக்கொண்ட அவ்வாட்டம் பழைய கடுமையைக் கைவிடவில்லை. நகரத்தில் ஒரு பூனை எலியொன்றைத் துரத்திச் செல்லும் காட்சி சில கணங்களே தோன்றும். அவ்வேளை பழைய சப்பாத்து ஒன்றையோ வேறொன்றையோ பூனைமீது எறியாதவர், நெடுநேரத்தின் பின் ஒரு விடுதியின் நிலவறையிற் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்தறுக்க எலி வராமையால் மாள்வார். எதனால் மாண்டோம் என்பதும் அவருக்குத் தெரியாது. கில்பேட்டின் கட்டுரை கண்டித்தது இத்தகையவற்றையே.

இரசிகரிடையே இன்றுவரை ஓயாத விவாதம் இதுவாகும். சியெராவின் பக்கம் நிற்போர், ஆபத்தில்லாத இடத்திற் சாகசம் ஏது என வினவுவர். அந்நிறுவனத்தின் மரணக் காட்சிகள் நகைச்சுவை மிக்கவை, அவற்றைத் தேடித்தேடி இறந்து பார்த்தோரும் உளர். தட்டச்சுக் காலத்தைப் போற்றும் மூத்த இரசிகரோ இருசாராரையும் குறைகூறுவர். எதையும் எழுதலாம் என்ற நிலையில் ஆடுபவர் தாமே சிந்திக்க வேண்டியிருந்தது; சுட்டி வந்தபின் திரையிலுள்ள அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தால் விடை அகப்பட்டுவிடும் என்பது அவர்தம் வாதம். இதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் எலிப் புதிரைப் பொறுத்தவரை நியாயம் கில்பேட்டின் பக்கமே உள்ளது. தவறிழைத்தவருக்குத் தன் தவற்றை அறியும் வாய்ப்பையே மறுப்பது கடினமான புதிரன்று. அது புதிரே அன்று.

1993 இல் மில்லர் சகோதரர் ஆக்கிய 'மிஸ்ட்' இறுவட்டில் வெளிவந்து அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. இவ்வடிவம் அதுவரை கண்டிராத விற்பனை அது.

வீழ்ச்சி விரைந்து வந்தது. 1993 இன் 'டூம்' முதலாக முப்பரிமாணச் சுடுகலன் ஆட்டங்கள் சந்தையைக் கவர்ந்தன. ஷேபரின் 'கிரிம் பன்டாங்கோ' 1998 இற் பாராட்டைப் பெற்றது, எதிர்பார்த்த விற்பனையைப் பெறவில்லை. 1999 இல் வெளிவந்த சியெராவின் 'கேப்ரியல் நைட் 3' ஆட்டத்திலுள்ள ஒரு புதிர் இழிபுகழ் பெற்றது. மற்றொருவர் பெயரில் ஒதுக்கப்பட்ட மோட்டார் சைக்கிளைப் பெறுவதற்காக நாயகன் பூனை மயிரைச் சேகரித்து, மேப்பிள் பாகினால் ஒட்டி மீசை செய்ய வேண்டும். அம்மற்றவருக்கு மீசையே இல்லை. ஆதலால் அவருடைய கடவுச்சீட்டிலும் மீசை வரைய வேண்டும். சாகச ஆட்டங்களை எவரும் கொல்லவில்லை, அவை தற்கொலை செய்துகொண்டன என்ற வாதத்திற்கு 2000 இல் இப்புதிரே சான்றாகக் காட்டப்பட்டது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட இவ்வாதம் பாதி உண்மையே. சியெரா 1996 இல் சி.யு.சி. என்னும் கம்பனிக்கு விற்கப்பட்டிருந்தது. 1998 இல் அக்கம்பனியின் பெரும் கணக்கு மோசடி வெளிப்பட்டது. 1999 பெப்ரவரியில் ஓக்ஹேர்ஸ்ட் நகரிலிருந்த சியெராவின் ஆக்கக்கூடம் மூடப்பட்டது. இவற்றுக்கும் பூனை மயிருக்கும் தொடர்பில்லை. லூக்காஸ் நிறுவனமும் ஆக்கத்திலிருந்த ஆட்டத்தொடர்களை 2003 இலும் 2004 இலும் கைவிட்டது.

இதற்கிடையில் வேறோர் இடர் தோன்றியிருந்தது. புதிய கணனிகளில் பழைய ஆட்டங்கள் இயங்க மறுத்தன. வட்டு கைவசம் இருந்தும் ஆட்டம் இல்லை என்ற நிலை. 2001 இல் லட்விக் ஸ்ட்ரிகியஸ், வின்சன்ட் ஹாம் என்னும் இளைஞர் இருவர் 'ஸ்கம்விஎம்' என்னும் மென்பொருளைத் தொடங்கினர். கோப்பும் பொறியும் பிரிந்திருந்தன அல்லவா? பழைய பொறியின் செயலை ஆராய்ந்தறிந்து, அதே கோப்புகளைப் படிக்கும் புதிய பொறியை அவர்கள் எழுதினர். தன்னார்வலர் பலர் சேர, லூக்காஸ் ஆட்டங்களோடு பிற நிறுவனங்களின் ஆட்டங்களும் அதில் இயங்கலாயின. இங்கிலாந்தின் 'ரெவொலூஷன்' நிறுவனம் 2003 இல் தன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' ஆட்டத்தை இலவசமாக்கி, இம்முயற்சிக்கு உதவியமை முன்மாதிரியானது. பிற்காலத்தில் பழைய ஆட்டங்களை மீண்டும் விற்ற வணிகர் சிலர் இவ்விரசிகர் மென்பொருளையே இணைத்து விற்றனர்.

காப்பதோடு இரசிகர் அமையவில்லை. கிறிஸ் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1997 இல் வெளியிட்ட, பின்னர் 'அட்வென்சர் கேம் ஸ்டூடியோ' எனப் பெயர்பெற்ற கருவி, பொருள்வளமற்றோரும் புதிய ஆட்டங்களை ஆக்க வழிசெய்தது. நியூயோர்க்கின் 'வாஜெட் ஐ' நிறுவனம் 2006 முதல் வெளியிட்ட 'பிளாக்வெல்' தொடர் இக்கருவியின் விளைவாகும். உரிமையாளரோடு மோதல்களும் எழுந்தன. 'கிங்ஸ் குவெஸ்ட்' தொடரின் ஒன்பதாம் பாகமாக இரசிகர் குழுவொன்று ஊதியமின்றி உழைத்து ஆக்கிய ஆட்டம் 2005 இல் உரிமையாளரால் நிறுத்தப்பட்டு, பெயரை மாற்றி 'த சில்வர் லைனிங்' என அனுமதி பெற்று, 2010 இல் வேறோர் உரிமையாளரால் மீண்டும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டிலேயே மறுபடி அனுமதி பெற்று வெளிவந்தது. உரிமை கைமாறியது, அக்கதையைத் தொடர வேண்டும் என்ற விருப்பம் அவ்விரு உரிமையாளரிடமும் அப்போது காணப்படவில்லை.

2012 இல் ஷேபர் 4 இலட்சம் டொலர் வேண்டி மக்களிடம் நேரே கையேந்தியபோது, 87,000 இற்கு மேற்பட்டோர் 33 இலட்சம் டொலருக்கும் அதிகமாக அளித்தனர். பணம் போதாமையால் அவ்வாட்டமான 'புரோக்கன் ஏஜ்' 2014 இலும் 2015 இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. முதற்பகுதி மிக எளிது என்று கொடுத்தவரே குறைகூறினர். கில்பேட்டும் வினிக்கும் இவ்வழியே திரட்டிய பணத்தில் 2017 இல் ஆக்கிய 'திம்பிள்வீட் பார்க்' பழைய வினைச்சொல் வரிசையையே மீண்டும் திரையின் அடியில் நிறுத்தியது. 'கிரிம் பன்டாங்கோ' 2015 இற் புதுப்பிக்கப்பட்டபோது, சுட்டியினால் ஆடும் வசதி அதிற் சேர்க்கப்பட்டது. அவ்வசதியை முன்னரே ஆக்கி வைத்திருந்தவர் ஓர் இரசிகர்.

இவ்வன்பின் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. 2022 இல் கில்பேட்டும் குரொஸ்மனும் 'ரிடர்ன் டு மங்கி ஐலன்ட்' ஆட்டத்தை அறிவித்தபோது, றெக்ஸ் குரோலின் புதுப்பாணி ஓவியம் பழைய படங்களைப் போன்றதன்று எனச் சிலர் வசைபாடினர். வசை எல்லைமீற, கில்பேட் தம் பக்கத்தில் வாசகர் கருத்துரைக்கும் பகுதியை மூடினார். இருபதாண்டு காத்தவருக்கு ஆக்கியோனையும் காவலில் வைக்கும் உரிமை உண்டென அவர்கள் கருதினர்போலும். இத்தனைக்கும் அத்தொடரின் பழைய ஆட்டங்கள் தம்முள் ஒரே பாணியில் அமைந்தவையல்ல.

2023 ஜனவரியில் றொபேட்டா வில்லியம்ஸ் பல்லாண்டு ஓய்வின்பின் கணவருடன் ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். அது அவர் முன்னர் ஆக்கியவற்றுள் ஒன்றன்று. தாம் இரசிகையாயிருந்த நாளில் இரவு பகலாக ஆடிய அந்தக் குகை ஆட்டத்தை, குரௌதரும் வூட்ஸும் எழுதிய வருணனைகளை ஒரு குரல் வாசிக்க, அவர் முப்பரிமாணத்தில் மீளக் கட்டியிருந்தார்.