துலாமேல் நிற்பவர்: ஏற்றச் சித்திரங்களைச் சான்றாக வாசித்தல்

சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் பென்சிலால் வரைந்த ஏற்றக் காட்சிகளை ‘நாட்டுப்புற அழகு’ என்ற தலைப்புக்குள் அடக்கிவிடும் போக்கு நெடுநாளாக நிலவுகிறது. இங்கிலாந்தில் நீராலையை வரைந்து பழகிய கை, சென்னைக்கு வந்ததும் அதற்கு ஈடாக ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டது என்பது இப்போக்கின் வாதம். சக்கரம் இருந்த இடத்தில் ஏற்றத்தின் நெடுமரமான துலாவும், ஓடை இருந்த இடத்தில் கிணறும் வந்தன. மனிதர்கள் காட்சியை நிரப்பச் சேர்க்கப்பட்டவர்கள். ஆகவே உழைப்பின் வரலாற்றுக்கு இவை சான்றாகா. கோயில், கோட்டைக் காட்சிகளுக்கு இது பொருந்தலாம். ஏற்றத்துக்குப் பொருந்தாது என்பதே என் நிலைப்பாடு.

நீராலையில் வேலை செய்வது நீர். ஆளை அழித்துவிட்டாலும் படத்தில் சக்கரம் சுற்றும். எண்ணூர், திருவொற்றியூர்ச் சமவெளியில் அதற்கு வழியில்லை. நிலம் தட்டையானது, கொசஸ்தலையாறு வடகிழக்குப் பருவமழையை நம்பியது, அதன் கடைப்பகுதி கடல் ஓதம் புகும் கழி. இங்கே நெல்லைக் குத்தியது உலக்கை, எண்ணெய் ஆட்டியது மாட்டுச் செக்கு, தண்ணீரை மேலேற்றியது ஆளின் எடை. ஆளை நீக்கினால் ஏற்றம் வெறும் மரம்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. மிதியேற்றத்தில் துலாமேல் நிற்பவர், நீர் மொள்ளும் சால் தொங்கும் பக்கம் நடந்தால் சால் இறங்கும். பின்பக்கம் நடந்தால் நிறைந்த சால் ஏறும். கீழே நிற்பவர் சாலின் கோலைப் பிடித்து அதை நீரில் முக்கி, மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். எனவே துலாவின் சாய்வு, மிதிப்பவரின் இடம், சாலின் உயரம், கீழாளின் கைநிலை ஆகிய நான்கும் ஒரே நொடிக்கு உரியவையாக இருக்க வேண்டும். பொருந்தினால், வரைந்தவர் வேலையை நின்று பார்த்திருக்கிறார் என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. பொருந்தாவிட்டால், உருவங்கள் பின்னர் ஒட்டப்பட்டவை என ஐயுறலாம். அச்சுக்காகச் செப்புத் தகட்டில் வெட்டும்போது படம் இடவலமாக மாறுமே என்ற மறுப்பு இதைப் பாதிக்காது. நான்கும் சேர்ந்தேதான் மாறும்.

படங்களுக்கு வெளியே, மிகுதியும் சர்ச்சைக்குள்ளாகும் எழுத்துச் சான்று பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னராவுடையது. 1774 முதல் 1781 வரையிலான பயணங்களைப் பற்றி அவர் 1782இல் பாரிஸில் வெளியிட்ட நூலில், நிலத்துக்கு நீர் பாய்ச்சும் கருவியாக ஏற்றத்தை அறிமுகப்படுத்துகிறார். கிணற்றின் கரையிலோ மழைநீர்த் தேக்கத்தின் கரையிலோ நிறுத்திய ஊசல்மரம், நீரை இறைத்து வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்ல உதவுவது என்பது அவர் தரும் விளக்கம். இதை உழவுக்குறிப்பாக மட்டுமே முந்தைய ஆய்வுகள் வாசித்தன. அவர் பேச்சைத் தொடங்குவது பாசனத்தில்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் விளக்கத்துக்குள் பயிர் இல்லை. நீர்நிலையின் கரை, தூக்குதல், வழிநடத்துதல் ஆகிய மூன்றே உள்ளன. இம்மூன்றும் கூடும் எந்தத் தொழிலுக்கும் கருவி உரியது என்று வாசிக்க அவருடைய சொற்களே இடம்தருகின்றன. 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், நெல்வயலுக்கு ஏற்றம் இறைப்பதைக் கண்டதாக 1807இல் வெளியான நூலில் எழுதியதை எதிர்ச்சான்றாகக் காட்டுவர். வேளாண்மையை ஆய்வதே அவருக்கு இடப்பட்ட பணிகளுள் முதன்மையானது. வயலில் கண்டதை எழுதியவர், வேறெங்கும் ஏற்றம் இல்லை என்று சொல்லவில்லை.

வயலுக்கு வெளியே ஏற்றத்தைத் தேடும்போதுதான் வடசென்னை முக்கியமாகிறது. கேப்டன் பேக்கரின் திட்டப்படி 1772இல் அமைந்த ஏழுகிணறு, சென்னைக் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்தது. நீராவிப் பம்புகள் வருமுன் அந்த நீர் மேலே வர மனிதரும் மாடும் உழைத்தாக வேண்டியிருந்தது. எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதியின் உப்பளங்கள் இன்னொரு களம். இந்தக் கடற்கரையின் உப்பளங்களில் குழியிலிருந்து உப்புநீரைப் பாத்திக்கு ஏற்றியதும் ஏற்றமே. 1805இல் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையானது. மறு ஆண்டில் பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் எண்ணூரைச் சென்னையோடு இணைத்தது. அந்தப் பாத்திகளில் துலா மிதித்தவர் அரசின் வருவாய்க்கு உழைத்தவர். அவரைக் கிராமத்தின் மாறாத அமைதிக்கு அடையாளமாகக் காட்டுவது பெரும்பிழை.

வரைந்தவர் வேலையை விளங்கிக்கொண்டாரா என்று தெரியாத நிலையில் படத்தை எப்படி நம்புவது என்று கேட்பவர் உண்டு. விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை; கண் பார்த்ததைக் கை வரைந்தால் போதும். ஏற்றப்பாட்டின் எண்ணிக்கையும் கூலியும் கோட்டில் வாரா. எத்தனை பேர், எங்கே நின்று, எவ்வளவு ஆழத்திலிருந்து இறைத்தார்கள் என்பது வரும். எனவே ஆவணக் காப்பகங்கள் ‘கிராமக் காட்சி’ என்ற பொதுப்பெயரைக் கைவிட்டு, கருவியின் வகை, ஆள்தொகை, நன்னீரா உப்புநீரா என்ற மூன்றையும் பட்டியலில் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால், எண்ணூர்க் கரையின் தொழில் வரலாற்றை அனல்மின் நிலையத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் தொடங்கும் வழக்கத்தை நாம் திருத்தியாக வேண்டியிருக்கும்.