பனைவெல்லமும் சுண்ணாம்பும்: தென்னார்க்காட்டுப் பின்னணி

விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. பனை மிகுந்த இவ்வட்டாரத்தில் ஒரே பாளையிலிருந்து இரண்டு பானங்கள் கிடைத்தன. வெறுங்கலயத்தில் வடிந்தது கள். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தது பதநீர்.

ராஜாஜி அமைச்சரவை 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. கள் குற்றமாயிற்று. பனையேறிகளுக்கு எஞ்சிய வழி பதநீரும் வெல்லமுமே. மரமேறியின் பிழைப்பும் வழக்கும் கலயத்துச் சுண்ணாம்புப் பூச்சில் தொங்கின என்பது மிகையன்று.

சுண்ணாம்பின் வேலை புளிப்பைத் தடுப்பது. பாளைச்சாற்றில் ஈஸ்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அமிலத்தைப் பெருக்கும். அமிலத்தில் கரும்புச்சர்க்கரை குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைந்துவிடும். அந்தச் சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு கூடினாலோ வெல்லம் கறுத்துக் கசக்கும். ஆகவே மிகுதிச் சுண்ணாம்பைப் பாஸ்பாரிக் அமிலமோ சூப்பர் பாஸ்பேட் கரைசலோ சேர்த்து வீழ்படிவாக்கி, வடிகட்டிய பின் காய்ச்சும் முறை வந்தது.

பாத்திரத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மண்கலயத்துக்குச் சுண்ணாம்பால் கேடில்லை. இரும்புக் கொப்பரையும் காரத்தைத் தாங்கும். ஆனால் புளித்த சாறு இரும்பை அரித்து வெல்லத்தைக் கறுக்கச் செய்யும். பித்தளை, செம்பில் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து களிம்பேறும். அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகரமும் இரண்டு பக்கமும் நொடிந்தவை: காரமும் அரிக்கும், அமிலமும் அரிக்கும். விலை மலிவு, எடை குறைவு என்று அலுமினியத்துக்கு மாறியவர்கள் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எனவே அமிலத்தை உலோகக் கொப்பரையில் ஊற்றிச் சரிசெய்வது தவறு. மண்பானையிலோ மரத்தொட்டியிலோ பதநீரை வைத்து, நீர்த்த கரைசலைச் சிறிது சிறிதாகக் கலக்கிச் சேர்த்து, லிட்மஸ் தாளில் பார்க்க வேண்டும். சிவப்புத் தாள் நன்றாக நீலமானால் சுண்ணாம்பு இன்னும் மிச்சம். நீலத்தாள் சிவந்தால் அமிலம் மிஞ்சிவிட்டது. தாள் கிடைக்காத இடத்தில் மஞ்சள் தோய்த்த துணி உதவும். சுண்ணாம்பு மிகுந்திருந்தால் அது சிவக்கும், ஆரத்தித் தட்டில் சிவப்பதைப் போலவே. துணி சிவப்பை விட்டு மஞ்சளுக்குத் திரும்பியதும் கரைசலை நிறுத்தி, படிவு இறங்க விட்டு, தெளிந்ததை மட்டும் கொப்பரைக்கு மாற்றுவர்.