ஏரிகள் பெற்ற ஆறு

காவிரிக்குத் தலைக்காவிரி, தாமிரவருணிக்குப் பொதிகை. அடையாற்றின் பிறப்பிடத்தைத் தரிசிக்கப் புறப்படுகிறவர் தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஆதனூர் ஏரிக்கரையில் போய் நிற்க வேண்டியதுதான். அங்கே மலை இல்லை, அருவியும் இல்லை; ஓர் ஏரியும் அதன் கலங்கலும் உண்டு. "இங்கே அல்ல, மணிமங்கலத்துப் பக்கம்தான் ஆரம்பம்" என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் சரியே. இந்த ஆற்றை ஒரு தாய் பெறவில்லை. பல ஏரிகள் கூடிப் பெற்றன.

செங்கற்பட்டுச் சீமையில் நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. மழையோ ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பிடித்து வைக்காவிட்டால் பிறகு பயிருக்கு ஏது நீர்? ஆகவே நம் முன்னோர் பள்ளத்துப் பக்கமாக வில்லைப் போல் வளைத்துக் கரை போட்டார்கள். மதகு வழியே வயலுக்குத் தண்ணீர் போயிற்று. ஏரி நிரம்பினால் மிச்சம் கலங்கலைத் தாண்டி அடுத்த ஊர் ஏரிக்குப் போயிற்று. கடைசி ஏரியும் போதும் என்று விட்ட தண்ணீர்தான் அடையாறு. ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் இந்தச் சிற்றாறு, கோடையில் மணலும் கோரையுமாகக் கிடந்ததில் வியப்பில்லை.

சிற்றாறு என்றாலும் இதன் கரைகளுக்குச் சரித்திரம் உண்டு. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மணிமங்கலம் புதிய பெயர் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த களங்களில் அதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்லுகிறது.

இன்னும் சற்றுக் கீழே திருநீர்மலை. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். ஊர்ப் பெயருக்குக் காரணம் சொல்லும் ஐதிகம் இது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: ஆழ்வார் வெள்ளத்தோடு வாதாடவில்லை, அதற்கு உரிய இடத்தையும் காலத்தையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

நமக்கு அந்தப் பொறுமை இல்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. குரோம் முறையில் தோல் பதனிட்ட கம்பெனியால் குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்கே பெயர் வந்தது. பட்டணத்தில் இடம் போதாதவர்கள் தெற்கே வந்தார்கள். வந்தவர்கள் மேல் குற்றமில்லை. வயல் மனையாயிற்று. வயல் போனபின் மதகு எதற்கு? மதகு வேண்டாம் என்றால் வாய்க்கால் எதற்கு? இப்படி ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. மழை மட்டும் பழைய கணக்கிலேயே பெய்தது.

2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. ஏரி திறந்த விதத்தைத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் பின்னர் கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே நவம்பர் மாதத்திலேயே ஜனங்களைப் படகில் ஏற்றி மீட்க வேண்டியிருந்ததே, அது எந்தத் தண்ணீர்? ஆதனூரும் மணிமங்கலமும் மற்றச் சிற்றேரிகளும் வழக்கம் போல் அனுப்பிய மிச்சத் தண்ணீர்தான். பழைய வழியில் வந்தது. வழியில் வீடுகள் இருந்தன.

பிறகு ஆற்றை அகலப்படுத்தும் வேலைகள் நடந்தன. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடி வெள்ளம் புகுந்தது. ஆற்றை மட்டும் அகலமாக்கினால் போதாது. எந்த ஏரியின் கலங்கல் எந்த ஏரியை நோக்கி இருக்கிறது, இடையில் இருந்த வாய்க்கால் இப்போது யார் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது என்று நடந்து பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் ஏரி பார்த்த கிழவர்களின் மனத்திலேயே இருந்தது.