ஓலையில் இடம்பிடித்த கிழவர்

பரமார்த்த குரு லேசில் சாகிற ஆள் இல்லை. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் ஐந்து சீடர்களோடு காலம் தள்ளுகிறார். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கி வருபவர்களும் அவர்கள்தான். அத்தனையையும் தாங்கி அவர் நடமாடுகிறார். அவரைப் படைத்த இயேசு சபைப் பாதிரியார் வீரமாமுனிவர் இறந்தது எங்கே, எப்போது என்பதில்தான் குழப்பம். மணப்பாடு, 1742 என்றன பழைய வாழ்க்கை வரலாறுகள். அம்பழக்காடு, 1747 பிப்ரவரி 4 என்பது பிற்கால முடிவு. இந்த ஐந்தாண்டு வித்தியாசம்தான் என்னைப் பழனி மலையேற வைத்தது.

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூர். அங்கே 1895-இல் இயேசு சபையினர் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியில், சுற்றுலாக் கூட்டம் பாடம் செய்த விலங்குகளைப் பார்க்கப் போகும். ஆய்வாளர்கள் மதுரை மிஷனின் பழைய கடிதங்களுக்காகப் போவார்கள். முனிவரின் பெட்டி அப்படியே அங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். 1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பிரெஞ்சுப் பாதிரியார்கள் மதுரைப் பக்கம் திரும்பியது 1830-களின் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் ஓலைகள் கிடைத்த வீட்டில் கிடந்தன.

முதல் துப்பறிவாளர் முத்துசாமிப் பிள்ளை. சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த அவரை எல்லிஸ் துரை 1816-இல் தெற்கே அனுப்பினார், வீரமாமுனிவர் நூல்களைத் தேடிவர. போன இடத்தில் சுவடியும் கிடைத்தது, செவிவழிச் செய்தியும் கிடைத்தது. 1822-இல் அவர் தமிழில் முனிவரின் சரித்திரத்தை எழுதினார். அதே ஆண்டு லண்டனில் பாபிங்டன் குருகதையை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேற்றினார். முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டு கழித்து!

செவிவழிச் செய்திக்கு ருசி அதிகம். ஆனால் இயேசு சபை தன் ஆட்களைப் பட்டியல் போட்டு வைக்கும் சபை; யார், எந்த ஊரில், உயிரோடா என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. அம்பழக்காட்டின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் அதுதான்.

பட்டியலின் வினையைக் குரு நன்றாக அறிவார். விழுந்தால் எதையெதை எடுக்க வேண்டும் என்று சீடர்களுக்கு ஓலையில் எழுதித் தருகிறார். கடைசியில் அவரே குதிரையிலிருந்து குழியில் விழ, சீடர்கள் ஓலையைப் படித்துப் படித்து உடுப்புகளை மட்டும் பொறுக்குகிறார்கள். குருவின் பெயர் அதில் இல்லையே! தன்னையும் ஓலையில் எழுதிச் சேர்த்த பிறகுதான் கரையேறுகிறார். சுவடிக்கூடங்களை இதைவிடக் கேலி செய்தவர் எவரும் இல்லை.

அவரை வீழ்த்தியது ஒரு சோதிடம்: ஆசனம், அதாவது பிட்டம், குளிர்ந்தால் மரணம். குளிர்ந்ததும் பயத்தில் மூர்ச்சையானார். செத்தார் என்று நம்பிய சீடர்கள் நீராட்டுகிறோம் என்று தண்ணீரில் முக்கியே கொன்றார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் குறுக்கிட்டது. 1759-இல் வெளிவந்த வால்டேரின் ‘காந்தீது’ நாவலிலும் சாகாத கிழவி ஒருத்தி உண்டு. அவளுக்கு மிஞ்சியது ஒற்றைப் பிட்டம். வால்டேர் இயேசு சபைப் பள்ளியில் படித்தவர் வேறு. குருவின் குளிர்ந்த ஆசனம் கடல் கடந்து போயிருக்குமோ? வால்டேர் இறந்தது 1778, குரு அச்சேறியது 1822. கையெழுத்துப் படி எதுவும் அவர் கைக்குப் போன தடயம் எனக்குச் சிக்கவில்லை. வழக்கு தள்ளுபடி.