இடபம் விலகிய படம்

திருக்கோயிற் குடமுழுக்குக் காணவரும் அன்பர்கள் கோபுரத்துச் சுதைகளையும் தூண்களின் சிற்பங்களையும் கண்டு மகிழ்வர். காகிதத்தில் பதிந்த திருவுருவங்களையும் அவ்வாறே ஊன்றி நோக்குவார் சிலரே. 19-ஆம் நூற்றாண்டுப் பத்தி நூல்களில், மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்ட படங்கள் பல உண்டு. 1835-இல் அச்சகங்களின்மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் தமிழ் நூல்கள் பெருகின. எழுத்துக்களோடு ஒருங்கே வைத்து அச்சிடத்தக்கன ஆதலின் இக்கட்டைகளுக்குச் செலவு சிறிது. படம் பொறித்த நூல் எளியார் கைக்கும் எட்டியது.

இவ்வகையில் திருநாளைப்போவாராகிய நந்தனாரின் படத்தை ஈண்டு ஆராய்வோம். திருப்புன்கூரில் அவர் கைகூப்பி வெளியே நிற்பார். இடபம் ஒருபால் விலகியிருக்கும். உள்ளே சிவலிங்கம் தோன்றும். தடித்த கோடுகளாலாய படத்தில் முகக்குறிப்பு நுணுக்கமாக அமைதல் அரிது. ஆதலின், யார் எங்கே நிற்கின்றார் என்பதே பொருளை உணர்த்தும்.

விலகியது எது? இடபம். விலகாதது எது? வாயிலின் தடை. அடியவர் விழைந்த காட்சியை இறைவன் அளித்தான். அடியவரோ வெளியே நின்றபடியே நிற்கின்றார். இஃது அருளின் பெருமை. ஊராரின் சிறுமையும் ஆகும். பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தவர் நந்தனார் என்பர் சேக்கிழார். அவர் தந்த பொருள் உள்ளே சென்றது, அவர் செல்லவில்லை.

வேறு சில படங்களில் வேதியர் ஒருவர் முன் நந்தனார் பணிந்து நிற்பார். இக்காட்சி பெரியபுராணத்தில் இல்லை. 1861-இல் வெளிவந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பின்பற்றியது. ஆண்டையின் விடையின்றித் தில்லை செல்லவியலாத பண்ணையாளின் நிலை இது. முன்னைய படம் கோயில் வாயிலின் தடையைக் காட்ட, பின்னையது வயற்காட்டின் தளையைக் காட்டுகின்றது. ஒன்று மற்றொன்றைத் தாங்கி நின்றது என்க.

அடியவரே வெளியே நின்றாராதலின் அதுவே முறை என்று சிலர் வாதிப்பர். தீயில் மூழ்கி முனிவடிவு பெற்றபின்னரே தில்லையுட் புகுந்தார் எனவும் கூறுவர். ஆயின் ஆதிசைவ மரபினரான சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் அவருக்குத் தம்மை அடியேன் என்று கூறியபோது நெருப்பையும் குறித்தாரல்லர், பிறப்பையும் குறித்தாரல்லர். அடிமைத் திறம் ஒன்றே அவர் கண்டது.

1939 ஜூலை 8-இல் வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அழைத்துச் சென்றார். 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது. இடபம் விலகியதன் பொருளைச் சமுதாயம் உணரப் பன்னூற்றாண்டுகள் சென்றன.

மயிலைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவருடன் திருநாளைப்போவாரும் எழுந்தருளுகின்றார். வீதியில் அவரைத் தொழும் கைகள் எவரையும் வாயிலில் மறிக்கும் கைகளாதல் தகாது. குடமுழுக்கு நீர் கலசத்தின்மேற் சொரியப்பட்டபின், கூடிநின்ற எல்லார்மேலும் ஒருபடித்தாகத் தெளிக்கப்படுகின்றது. திருவருளும் அத்தகையதே.