பொலன்னறுவைக் கல்லும் இரண்டு இலங்கை விஞ்ஞானிகளும்

கிராண்ட்பாஸ் வீட்டில் பழைய பத்திரிகை நறுக்குகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, 2013 ஜனவரியில் நான் எழுதிய செய்தியொன்று கையில் அகப்பட்டது. 2012 டிசம்பர் 29 அன்று பொலன்னறுவை மாவட்டத்து அரலகங்வில பகுதியில் வானிலிருந்து விழுந்ததாகக் கூறப்பட்ட கல்லில், உயிரின் சுவடு காணப்பட்டது என்பதே அச்செய்தி. அவ்வாறு அறிவித்தவர் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க. இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் புகழ்பெற்ற வானியற்பியலாளர். நான் இட்ட தலைப்பில் ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை.

மறுநாள் காலை, தெருமுனைத் தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார்: "தம்பி, அந்தத் தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கக்கூடாதா? அது வானத்துக் கல்தான் என்று உறுதிப்படுத்தியவர் யார்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னரே, வேற்றுலக உயிரைத் தேடிய இரண்டு இலங்கையரின் வரலாற்றை ஆறுதலாக வாசிக்கத் தொடங்கினேன்.

விக்கிரமசிங்க 1939 இல் கொழும்பில் பிறந்தவர். றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று பிரெட் ஹொயிலின் மாணவரானார். விண்மீன்களுக்கு இடையிலான தூசி பனித்துகள் என்றே அக்காலத்தில் பலரும் கருதினர். அது காபன், அதாவது கேகாலைச் சுரங்கங்களில் நம்மவர் தோண்டியெடுக்கும் காரீயம் போன்றது, என்று இருவரும் 1962 இல் வாதிட்டனர். 1974 இல், அத்தூசியில் சேதனச் சேர்வைகள் (தமிழகத்தார் கரிமச் சேர்மங்கள் என்பர்) உண்டு என்றார் விக்கிரமசிங்க. தூசியில் காபனுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும், விண்வெளியில் சேதனச் சேர்வைகள் மலிந்துள்ளன என்பதையும் இன்று எவரும் மறுப்பதில்லை. இது அவருக்குரிய பெருமை.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. பால்வெளியின் மையத்தை அண்மித்த ஓர் ஒளிமூலத்தின் அகச்சிவப்பு நிறமாலை, உலர்த்திய பக்ரீரியாவின் நிறமாலையோடு பொருந்துவதாக 1980களின் தொடக்கத்தில் ஹொயிலும் அவரும் கூறினர். தூசியே உயிர் என்பது அவர்களது முடிவு. ஏனையோரின் மறுப்பு எளிமையானது. 3.4 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் தோன்றும் அந்த உறிஞ்சல், காபனும் ஐதரசனும் பிணைந்திருப்பதைக் காட்டுகிறது. அப்பிணைப்பு பக்ரீரியாவிலும் உண்டு. நம் வீட்டு மண்ணெண்ணெயிலும் உண்டு.

மற்றவர் சிறில் பொன்னம்பெரும. 1923 இல் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முதற்பட்டம் மெய்யியலில் என்பது தமிழ் வாசகர் பலர் அறியாத செய்தி. பின்னர் இலண்டனில் இரசாயனம் கற்று, 1962 இல் கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் பெற்று, நாசாவில் இணைந்தார். 1969 செப்டெம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. பலர் பார்த்திருக்க விழுந்த கல் அது. அதில் அவரது குழு அமினோ அமிலங்களைக் கண்டது. அவை எடுத்தவர் கைபட்டு ஒட்டியவையாகவும் இருக்கலாம் அல்லவா? இங்கேதான் அவர்களது நிதானம் தெரிகிறது. பூமியின் உயிரினங்கள் தம் புரதங்களுக்கு இடக்கை வடிவ அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன. கல்லிலோ இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சமமாக இருந்தன. எனவே அவை பூமியிலிருந்து ஒட்டியவையல்ல என்றும், உயிரின் துணையின்றி இரசாயன முறையில் உருவானவை என்றும் 1970 இல் அறிவித்தனர். உயிரின் செங்கற்களைக் கண்டவர், வீட்டையே கண்டேன் என்று சொல்லவில்லை.

இன்று கண்டியில் இயங்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கு 1980களில் இவ்விருவரும் ஒருவர் பின் ஒருவராகத் தலைமை தாங்கினர். பொன்னம்பெரும 1994 இல் காலமானார்.

பொலன்னறுவைக் கல்லுக்கு வருவோம். அது விண்கல் என்பதே நிறுவப்படவில்லை என்றும், அதில் காணப்பட்டவை பூமியின் நன்னீரில் வாழும் டயற்றம் பாசிகளே என்றும் விமர்சகர்கள் விரைவிலேயே கூறினர். அந்த மறுப்பை நான் உட்பக்கத்தில் நான்கு வரிகளில் முடித்தேன். நம்மூர்க் கல், நம்மூர் விஞ்ஞானி என்ற பெருமிதம் என் கண்ணை மறைத்திருந்தது.

2023 இல் பென்னு என்ற சிறுகோளின் துகள்கள் பூமிக்குக் கொண்டுவரப்பட்டன. புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அவற்றில் உள்ளதாக 2025 ஜனவரியில் அறிவித்த ஆய்வாளர்களும், இடக்கை வலக்கைக் கணக்கைப் பார்த்த பின்னர், உயிர் என்று சொல்லவில்லை.

துணிந்து ஒரு கருத்தைச் சொல்ல விஞ்ஞானிக்கு உரிமை உண்டு. அதைச் சோதிக்கச் சக விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். பத்திரிகைத் தலைப்பையோ, அச்சேறுமுன் எழுதியவனேதான் சோதிக்க வேண்டும். அன்று நான் அதைச் செய்யவில்லை. தேநீர்க் கடையில் அந்த ஆசிரியருக்குச் சொல்லாத பதிலை இன்று இங்கே எழுதி வைக்கிறேன்.